வெர்த்தலியோத்

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு இரத்தப் பரிசோதனைக்காகப் போய்க் காத்திருந்தேன். கட்டடத்துக்கு மேலே ஒரு ஹெலிகொப்டர் தடதடவென்று இறங்கியது. என் வாய் தன்பாட்டில் 'வெர்த்தலியோத்' என்றது. பக்கத்திலிருந்த பெண் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு அடுத்த கதிரைக்கு மாறினாள். அவளில் பிழையில்லை. இந்தச் சொல்லைக் கேட்டு என்னைவிட்டு விலகிய முதல் ஆளும் அவளில்லை.

ரஷ்ய மொழியில் ஹெலிகொப்டருக்கு அதுதான் பெயர். முன்பாதி சுழல்வது, பின்பாதி பறப்பது. இரண்டையும் ஒட்டினால் ஓர் இயந்திரம்! மொஸ்கோவில் பொறியியல் படித்த ஆறு வருடமும் எனக்குக் கணக்கைவிட இப்படிச் சொற்களைக் கழற்றிப் பார்ப்பதில்தான் புத்தி போனது. பரீட்சைப் புள்ளிகளைப் பார்த்தாலே தெரியும்.

எழுபதுகளில் சிட்னிக்கு வந்ததும் அந்தப் பட்டம் பெட்டியின் அடிக்குப் போனது. "மொஸ்கோவில படிச்சனான் எண்டு மூச்சு விடாதேங்கோ. கம்யூனிஸ்ட் எண்டு வேலையால நிப்பாட்டிப் போடுவாங்கள்" என்றாள் மனைவி. கொழும்பில் படித்ததை மட்டும் எழுதிக் கொடுத்து, வில்லாவுட் பக்கம் ஒரு பம்ப் தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரையும் வேலையில் சேர்ந்தேன்.

பக்கத்து மேசையில் வேரா. என் வயதுதான், சீனாவில் பிறந்த ரஷ்யப் பெண். குடும்பம் இங்கே வந்தபோது தகப்பன் மட்டும் சோவியத் நாட்டுக்குத் திரும்பிப்போய் அங்கேயே அகப்பட்டுவிட்டார். தேநீர் இடைவேளையில் ஜன்னல், பென்சில், ரொட்டி என்று எனக்கு ரஷ்யச் சொற்கள் சொல்லித் தருவாள். நானும் ஒன்றும் தெரியாதவன்போல வேண்டுமென்றே பிழையாகச் சொல்லுவேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு அப்பாவின் கதை வரும். அவர் அங்கே ஒளித்து ஜெபம் செய்வதைக்கூட என்னிடம் சொன்னாள். எனக்குள் கூசும். ஆனாலும் வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

ஒருநாள் தொழிற்சாலை முற்றத்தில் நின்றபோது மேலே ஒன்று பறந்தது. "கெலிகோப்தெர்" என்று சொல்லித் தந்தாள். அது அவளுடைய ஆட்களைப்போல புரட்சிக்குத் தப்பிச் சீனாவுக்கு ஓடியவர்கள் வைத்திருந்த பழைய சொல். எனக்குப் பொறுக்குமா? "வெர்த்தலியோத்" என்றேன். அதோடு நின்றேனா? முந்திரிக்கொட்டை மாதிரி, சுழல்வது, பறப்பது என்று சுத்தமான மொஸ்கோ ரஷ்யனில் விளக்கமும் கொடுத்தேன்.

சோவியத் ஒற்றனிடமா வாயைக் கொடுத்தோம் என்று அவள் முகம் வெளிறிப்போனது. "அப்பாவைப் பற்றி நான் சொன்னதை யாருக்குச் சொன்னாய்?" என்று ரஷ்ய மொழியில் கேட்டாள்.

'நிக்கமூ' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒருவருக்கும் இல்லை என்று பொருள். அந்த நேரம் பார்த்து மேலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். ஆங்கிலத்தில் சொன்னால் என்ன விஷயம் என்று கேட்பார். ரஷ்ய மொழியில் சொன்னால் கேட்கவே தேவையில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நாளைக்குச் சொல்லுவோம் என்று இருந்தேன். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை. என்னைப் பற்றி மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. நான் அங்கே பதினொரு வருடம் வேலை செய்தேன்.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். சோவியத் நாடே இல்லை. என்னை வேலையால் நிறுத்தவும் ஒருவரில்லை. ஆஸ்பத்திரியில், சற்றுமுன் அந்தப் பெண் விட்டுப்போன வெறும் கதிரையைப் பார்த்து மெல்லச் சொன்னேன்: "நிக்கமூ."