கார்டு நம்பரைப் படித்துக் கொடுத்த காலை

போனில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் வைக்க எனக்கு மனசு வராது. லோன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று பதிவு செய்த குரல் வந்தால்கூட முடியும்வரை கேட்டு, பெற்ற பிள்ளையிடம் சொல்வதுபோல "வேண்டாம் மக்களே" என்று சொல்லித்தான் வைப்பேன். எடுக்காமல் இருக்கவும் முடியாது. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் இன்டர்நெட் வழியாகக் கூப்பிடுவாள். அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பரில் வரும். எது அவள், எது லோன்காரன் என்று எடுத்தால்தானே தெரியும்?

அந்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. கையைப் பிடித்துத்தான் கிணற்றடிக்குக் கூட்டிப் போவேன். திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கு மகள் அனுப்பிய பணம் பேங்கில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் போன் அடித்தது.

"மேடம், பேங்க்ல இருந்து பேசறோம். உங்க ஏடிஎம் கார்டு இன்னிக்கு பிளாக் ஆயிடும்."

திங்கட்கிழமை என்ன செய்வேன்?

கார்டிலுள்ள நம்பரைப் படிக்கச் சொன்னான். நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்து ஓடாது, எண் ஓடும். பதினாறையும் தப்பில்லாமல் படித்தேன். பின்பக்கத்து மூன்றையும் படித்தேன். "அழகா படிக்கிறீங்க மேடம்" என்றான். என் படிப்பை அதுவரை யாரும் மெச்சியதில்லை. மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

மெசேஜில் ஒரு நம்பர் வரும், அதையும் சொல்லுங்கள் என்றான். மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. பேச்சுக்கு நடுவில் அதைத் திறக்க எனக்குத் தெரியாது. "ஒரு நிமிஷம் மக்களே" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன். வழக்கமாக வரும் மீன்காரி அப்போதுதான் தலையிலிருந்த அலுமினியச் சருவத்தை இறக்கினாள். ராஜாக்கமங்கலம் கடற்கரைக்காரி.

"இதுல மெசேஜ எடுத்துத் தா. பேங்குக்காரரு நம்பர் கேக்காரு."

"பேங்குக்காரனா? எக்கா, ஒண்ணும் சொல்லாதீங்க!"

மீன் ஈரக் கையோடு போனைப் பிடுங்கினாள்.

"ஏலே, எந்த பேங்குலேருந்து பேசுத?"

"ஹெட் ஆபீஸ் மேடம்." அவன் குரல் எனக்கும் கேட்டது.

"எங்க பேங்கு வாசல்ல என்ன மரம் நிக்கு? சொல்லு பாப்போம்."

"மரமா? மேடம், அதெல்லாம்..."

"மரம் தெரியாது, எங்க அக்காளுக்க கார்டு மட்டும் தெரியுமோ? கடப்புறத்துக்கு வா மக்கா, சாளைக்குச் செதிள் எடுக்க மாதிரி எடுத்து விடுதேன்."

அவன் வைத்துவிட்டான். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்க நாத்தனா இப்படித்தான் நம்பரச் சொல்லி, மவ கல்யாணத்துக்கு வச்சிருந்ததத் தொலச்சா. பாஸ்புக்க எடுங்க. பேங்குக்குப் போவோம்."

"மீனு?"

"சாக்க நனச்சு மூடிப் போடுங்க. வாங்க."

பேங்கில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் என்னை முன்னால் தள்ளினாள்.

"எனக்க பைசாவா? நீங்க பேசுங்க. நான் பக்கத்துலதான நிக்கேன்."

பாஸ்புக்கை நீட்டினேன். "நம்பரை நானே படிச்சுக் குடுத்தேன் சார்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஆபீசர் திட்டவில்லை. கார்டை முடக்கினார். கணக்கைப் பார்த்துவிட்டு, "மெசேஜ்ல வந்த நம்பரச் சொல்லல, அதனால தப்பிச்சீங்க. பணம் அப்படியே இருக்கும்மா" என்றார். அன்றைக்கே பணத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். அந்த மனிதர் நன்றாயிருக்கட்டும்.

வீடு திரும்பும்போது உச்சிவெயில். மீனெல்லாம் குழைந்து போயிருந்தது. அத்தனையும் நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"ரெண்டு பேருக்கு ஒரு சருவம் மீனா? அதும் இதையா? தென்ன மூட்டுல போட்டு மூடுங்க, நல்லா காய்க்கும்."

கஞ்சி மட்டும் குடித்தாள். ஒரு நாள் பிழைப்பை எனக்காக விட்டுவிட்டு, வெறும் சருவத்தைக் கழுவிக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். நன்றி என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. எங்களுக்குள் அப்படிச் சொல்லிப் பழக்கமுமில்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே வாசலுக்கு வந்தார்.

"அய்யோ, அண்ணனுக்குக் கண்ணு தெரிஞ்சிட்டே! இனி அக்காளுக்குக் குடுக்க மாதிரி நேத்தத்த மீனக் குடுக்க ஏலாதே!" என்றாள் மீன்காரி.

அவர் சிரித்துக்கொண்டே குனிந்து, செவுளைத் திறந்து பார்த்து, தானே நாலு அயிலையை எடுத்து வைத்தார்.