கொண்டைக்குக் காவல்

கறாரக்காவின் தலைமுடி முப்பத்தோரு வருஷமாகக் காதுமடலைத் தாண்டி இறங்கியதில்லை. நோயாளிப் பராமரிப்புப் பயிற்சிக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், புத்தி பேதலித்த ஒரு கிழவரைக் கட்டிலில் தூக்கி உட்கார வைத்தபோது, அவர் அவளுடைய பின்னலைப் பிடித்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். கால்மணி நேரம் விடவில்லை. இரண்டு பேர் வந்து விரல் விரலாகப் பிரித்தார்கள். அன்று சாயங்காலமே பின்னலை வெட்டிவிட்டாள். மறுநாள் முதல் தெருவே அதற்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தது. டைபாய்டாம். பேனாம். புருஷன் ஓடிப்போய்விட்டானாம். வேலைக்கு இடைஞ்சலாக இருந்தது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வார்டுத் தலைமை நர்ஸ் மட்டும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லது. ஏழாம் கட்டிலுக்கு வெந்நீர் கொண்டு போ" என்றாள்.

அன்றைக்குக் கறாரக்காவுக்கு ஒன்று விளங்கியது. வயிறு வலித்தால் ஜனங்கள் தங்களுக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்வார்கள். தலைமுடி என்று வந்துவிட்டால் எல்லாரும் பண்டிதர்கள். வழுக்கைத் தலையர்கள் அதில் பெரும்பண்டிதர்கள்.

எட்டு வருஷம் ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு வீடு வீடாகப் படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் வேலை. சொன்ன நேரத்துக்கு வருவாள், சொன்ன நேரத்துக்குப் போவாள், முகத்துக்கு நேரே பேசுவாள். அதனால்தான் அந்தப் பெயர். போன வீடுகளில் எல்லாம் முடி சாஸ்திரம் இலவசமாகக் கிடைத்தது. ஒரு வீட்டில் ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்று பயந்து, அந்த ஒற்றை நரைக்குக் கண்ணாடி முன் தினமும் ஆஜர் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் ஐயா தினமும் எண்ணி நூறு முறை சீவுவார். அப்படிச் சீவியதில் உதிர்ந்ததை எல்லாம் கவரில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய், "ஏன் உதிர்கிறது?" என்று கேட்டார். மற்றொரு வீட்டில் ஒரு தகப்பன் தன் மகனைச் சவரம் செய்ய விடவில்லை. சவரம் செய்தால் தாடி கம்பியாகிவிடுமாம். பையன் இருபது வயதில் தேங்காய் நார் மாதிரி திரிந்தான்.

கறாரக்கா ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு தடவை சொல்வாள். "தோலுக்கு வெளிய வந்த முடி செத்தது. செத்ததுக்குச் சோறு ஊட்டாதீங்க." அதற்கு மேல் பேச அவளுக்குச் சம்பளம் இல்லை.

அவள் கடைசியாகச் சிக்கிய வீடு தையல்காரம்மாவின் வீடு. தையல்காரம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பது வருஷம் மிஷினை மிதித்தவள். பக்கவாதம் வந்து வலதுபக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. புத்தி மட்டும் ஊசி முனை மாதிரி அப்படியே இருந்தது. இடதுகை நன்றாக வேலை செய்தது. கட்டைவிரலைத் தூக்கினால் வேண்டும், உள்ளங்கையை ஆட்டினால் வேண்டாம். தண்ணீர், ஃபேன், பெட்பேன் எல்லாம் அந்தக் கையாலேயே நடந்தது.

குளியலறைக்குப் பக்கம் என்பதால் கட்டிலைத் தையல் அறையில் போட்டிருந்தார்கள். மூலையில் மிஷின். அதற்கு மேலே ஓர் ஆணியில் கறுப்புப் பிடி போட்ட பெரிய துணிக் கத்திரி. வந்த முதல் வாரம், கட்டிலில் விரிக்கிற ரப்பர் ஷீட்டை வெட்டுவதற்குக் கறாரக்கா அதை எடுக்கக் கை நீட்டினாள். பின்னால் பட், பட், பட் என்று சத்தம். தையல்காரம்மா இடதுகையால் கட்டில் கம்பியை அறைந்துகொண்டிருந்தாள்.

மகள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள், அதனால் டீச்சர். "ஐயையோ, அதைத் தொடாதீங்கக்கா! அது துணிக்கு மட்டும்தான். காகிதம், கயிறு, முடி எது பட்டாலும் முனை மழுங்கிடுமாம். எட்டு வயசுல நான் அதுல கலர் பேப்பர் வெட்டிட்டேன். அடிஸ்கேலாலயே விழுந்துச்சு. அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் நான் அதைத் தொட்டதில்ல."

தொழில்காரி சொன்னால் காரணம் இருக்கும். கறாரக்கா தன் பையிலிருந்த சின்னக் கத்திரியை எடுத்துக்கொண்டாள்.

தையல்காரம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல். வாரம் இரண்டு தடவை கறாரக்கா படுத்த வாக்கிலேயே தலையை அலசுவாள். ரப்பர் ஷீட்டைச் சுருட்டி வாய்க்கால் மாதிரி வாளிக்குள் விட்டு, வெதுவெதுப்பான நீரை ஊற்றி, துவட்டி, தளர்வாகப் பின்னி ஒரு பக்கமாகத் தோளில் போட்டுவிடுவாள். பத்து வாரம் ஒரு குறையும் இல்லை. பதினோராம் வாரம் முடி கொத்தாக வர ஆரம்பித்தது. வாளியில் பந்து பந்தாக மிதந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அரை டாக்டர் உள்ளே வர வேண்டுமா? தையல்காரம்மாவின் நாத்தனார் அவள், டீச்சருக்கு அத்தை. படித்தது எட்டாம் வகுப்பு, பார்த்த வைத்தியம் எண்பது வகை. சொந்தக்காரர்களே வைத்த பெயர் அது. அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

"என்னம்மா இது, அண்ணி தலைய நார் உரிக்கிற மாதிரி உரிச்சு வெச்சிருக்க?"

"நான் உரிக்கலைங்கம்மா. மூணு மாசத்துக்கு முன்னாடி உடம்புக்குப் பெரிய அடி விழுந்துச்சு இல்ல? அப்ப வேரை விட்ட முடி இப்பதான் கழண்டு வரும். தண்ணி ஊத்தினாலும் வரும், ஊத்தாட்டியும் வரும். தானா நிக்கும், தானா முளைக்கும்."

"மூணு மாசம் கழிச்சா? ஏன், தபால்ல வருதா?"

டீச்சர் சிரித்துவிட்டாள். அதோடு வழக்கு முடிந்தது. இன்று குளிப்பாட்டினாள், இன்று கொட்டியது, ஆகவே குளிப்பாட்டியவள் குற்றவாளி. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதென்றால் இதுதான். போட்டவர்களில் ஒருத்தி பிள்ளைகளுக்கு அறிவியல் வேறு நடத்துகிறவள்.

"இனி தலைக்குத் தண்ணி கிடையாது. சளி நெஞ்சுக்கு இறங்கிடும்" என்றாள் அரை டாக்டர். விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு, முட்டை வெள்ளை, எந்தக் கடைக்காரனும் பெயர் சொல்லாத ஒரு பச்சைப் பொடி, இவ்வளவையும் குழைத்துத் தலையில் அப்பினாள். முடியை இறுக்கி முறுக்கிப் பின்மண்டையில் கொண்டையாகப் போட்டு, மேலே ஒரு துணியையும் கட்டினாள். மூன்று நாளுக்கு ஒருமுறை மேல்பூச்சு. "நாப்பது நாளைக்கு யாரும் இதை அவுக்கக் கூடாது. வேர் பிடிக்கணும்."

என்ன, நாற்றா நட்டிருக்கிறாள்?

தையல்காரம்மா உள்ளங்கையை ஆட்டினாள். யாரும் பார்க்கவில்லை. கறாரக்கா பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் தினக்குறிப்பு நோட்டில் எழுதினாள்: "தலை – வீட்டார் பொறுப்பு." முப்பத்தோரு வருஷத்தில் அவள் எழுதிய மகா மட்டமான வரி அது. பேசிப் பேசி அலுத்துவிட்டது, எக்கேடோ கெடட்டும் என்று இருந்தாள். முட்டாள்தனத்தோடு சண்டை போட அலுத்தவளுக்கும் முட்டாளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைப் பிறகு அவளே ஒப்புக்கொண்டாள்.

உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினாள். தலைதான் கொண்டையின் மேலேயே உருண்டு வந்து நின்றது. சாப்பிட, டிவி பார்க்கச் சாய்த்து உட்கார வைக்கும்போதும் அதே கொண்டைதான் தலையணையில் அழுந்தியது. பத்தொன்பதாம் நாள் காலை, தலையணை உறையை மாற்றும்போது மஞ்சளாக ஒரு கறை தெரிந்தது. ஓரத்தில் லேசாகச் சிவப்பு. வெங்காயமும் முட்டையும் நாறத்தான் செய்யும். அந்த நாற்றத்துக்கு அடியில் இன்னொரு நாற்றம் இருந்தது. வார்டில் பழகிய மூக்கு அதைத் தவறவிடாது.

"தலை வலிக்குதாம்மா?"

கட்டைவிரல் எழுந்தது.

"எப்பலேர்ந்து?" கட்டைவிரல் மட்டும் உள்ளவளிடம் கேட்கிற கேள்வியா இது? "ஒரு வாரமா?"

மறுபடியும் எழுந்தது.

கொண்டையைப் பிரிக்கப் பார்த்தாள். பிரிய எதுவும் இல்லை. எண்ணெயும் முட்டையும் பொடியும் காய்ந்து, முடி கால்மிதியாட்டம் கெட்டித்துப் போயிருந்தது. வெந்நீர் விட்டாள், சீப்பின் வால் விட்டாள், ஒன்றும் நுழையவில்லை. தொட்டாலே தையல்காரம்மா கண்ணை இறுக்கினாள். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து டீச்சரை வரவழைத்தாள். டீச்சர் வருவதற்குள் மோப்பம் பிடித்த மாதிரி அரை டாக்டரும் வந்துவிட்டாள்.

"உள்ள புண்ணு இருக்கு. முடிய வெட்டணும், இப்பவே" என்றாள் கறாரக்கா.

"வெட்டணுமா? எங்கம்மா முடிக்குத் தெருவே திரும்பிப் பாக்கும், தெரியுமா உங்களுக்கு?"

"திரும்பிப் பாத்த தெரு இப்ப வந்து மோந்து பாக்கட்டும், டீச்சர்."

அரை டாக்டர் கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "அண்ணியோட தெம்பே அந்த முடிலதான் இருக்கு. வெட்டினா ஆளு தேற மாட்டா, சொல்லிட்டேன். அதுவும் இன்னும் இருபத்தோரு நாள் பாக்கி இருக்கு!"

டீச்சர் அழுகையும் கோபமுமாகச் சொன்னாள். "அக்கா, கத்திரிய வெச்சீங்கன்னா நாளைலேர்ந்து வர வேண்டாம்."

"நாளைக்கு வர்றது நாளைக்கு. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் இந்தத் தலை என் டியூட்டி." கறாரக்கா மூச்சு வாங்கிக்கொண்டாள். "மூணு பேர் நின்னு இந்தத் தலையப் பத்திப் பேசுறோம். தலைக்குச் சொந்தக்காரங்கள ஒரு வார்த்தை கேட்டோமா?" குனிந்து கேட்டாள். "அம்மா, முடிய வெட்டிடலாமா?"

கட்டைவிரல் எழுந்தது.

"அது சும்மா தானா தூக்குது" என்றாள் அரை டாக்டர். "நேத்தும் இப்படித்தான் தூக்குச்சு."

"நேத்து நீங்க தண்ணி வேணுமான்னு கேட்டீங்க. தூக்கினாங்க. தண்ணி குடுத்தீங்களே?"

"தண்ணி வேற, முடி வேற."

டீச்சர் தயங்கினாள். "அம்மாவுக்குக் கேள்வி புரிஞ்சிருக்காதுக்கா. முடின்னா அவங்களுக்கு உயிரு..."

கறாரக்கா தன் சின்னக் கத்திரியை எடுத்துக் கொண்டையின் ஓரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். கத்திரி நழுவியது. அப்போது தையல்காரம்மாவின் இடதுகை எழுந்து சுவரைக் காட்டியது.

"லைட்டா அண்ணி? ஜன்னலா? ஃபேனா?" அரை டாக்டர் வரிசையாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை எரிச்சலோடு ஆடியது. விரல் மறுபடியும் அதே இடத்துக்குப் போனது, மிஷினுக்கு மேலே, ஆணிக்கு.

டீச்சரின் முகம் மாறியது. "அம்மா... அதையா?"

கட்டைவிரல். பிறகு அந்தக் கை சிரமப்பட்டுப் பின்மண்டைக்குப் போய், இரண்டு விரலை விரித்து மூடியது. விரித்து மூடியது.

அதற்கு மேல் யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கலர் பேப்பருக்காகப் பெற்ற மகளை அடித்தவள், நாற்பது வருஷம் ஒரு நூலிழைகூடத் தப்பாகப் படவிடாத கத்திரியைத் தன் தலைமுடிக்குத் தருகிறாள் என்றால், அவளுக்கு எது உயிர் என்று மகளுக்குத் தெரியாதா? டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். எட்டு வயதுக்குப் பிறகு முதல் தடவையாக அந்தக் கத்திரியைத் தொட்டு, எடுத்து, கறாரக்காவின் கையில் கொடுத்தாள்.

"அத்தை, நகருங்க. வெளிச்சம் மறைக்குது."

துணிக் கத்திரி கறக் கறக்கென்று இறங்கியது. முழுக் கொண்டையும் கூடு மாதிரி கழன்று வந்தது. மிச்சத்தையும் ஒட்ட வெட்டினாள். அடியில் கோட்டுப் பித்தான் அளவுக்குப் புண். ஓரம் வெளுத்து, நடுவில் நசநசத்துக் கிடந்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். அரை டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "பொடிச் சூட்டுக்கு வந்த கொப்புளமா இருக்கும்" என்றாள். அன்றைக்கே வந்த நிஜ டாக்டர், இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் எலும்பைத் தொட்டிருக்கும் என்றார். அதை அவர் சொல்லும்போது அரை டாக்டருக்கு வீட்டில் அவசர வேலை வந்துவிட்டது. போகிறபோது வெட்டிய கொண்டையை ஒரு துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனாள். துடைப்பத்துக்கு இருக்கிற உயிர்கூட அதற்கு இல்லை. வைத்துக் கும்பிடட்டும்.

கறாரக்கா தன் நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள்: "தலை – என் பொறுப்பு. பத்தொன்பது நாள் பார்க்கவில்லை." மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து மணியை அழுத்தினாள். வா என்றும் டீச்சர் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கதவு திறந்தபோது வெந்நீர்ப் பாத்திரமும் சுத்தமான துண்டும் கட்டிலருகே தயாராக இருந்தன. அது போதும்.

புண் ஆற ஏழு வாரம் பிடித்தது. அதற்குள் தலை முழுக்க அரை அங்குலத்துக்குப் புதுமுடி, குச்சி குச்சியாக நிமிர்ந்து நின்றது. அரை டாக்டர் வந்து தடவிப் பார்த்தாள்.

"பாத்தியா! வெட்டினா அடர்த்தியா வரும்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

கறாரக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. வெட்டின முனை மொட்டையாக இருப்பதால் கைக்குத் தடிமனாகப் படுகிறது, கொட்டியது முளைக்கிற காலம் வந்ததால் முளைக்கிறது என்று விளக்கலாம். சுவருக்கும் விளக்கலாம். அரை டாக்டர் பையிலிருந்து ஒரு எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். தையல்காரம்மாவின் உள்ளங்கை ஆடியது.

"கை தானா ஆடுதுடி" என்றாள் அரை டாக்டர்.

டீச்சர் அவள் கையிலிருந்து புட்டியை வாங்கி, பைக்குள்ளேயே திரும்பப் போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். "வீட்டுக்குக் கொண்டு போங்க அத்தை. உங்களுக்கும் முன்னாடி கொஞ்சம் சொட்டையாதான் இருக்கு."

கத்திரி சாணை பிடிக்கப் போய்வந்தது. தையல்காரம்மா கண்ணெதிரில் டீச்சர் ஒரு துணியை வெட்டிக் காட்ட வேண்டியிருந்தது. மூன்று தடவை உள்ளங்கை ஆடி, நாலாவது துண்டுக்குத்தான் கட்டைவிரல் எழுந்தது. கத்திரி ஆணிக்குத் திரும்பியது.

அடுத்த திங்கட்கிழமை கறாரக்கா தன் சின்னக் கத்திரியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தாள். புது ரப்பர் ஷீட்டை வெட்ட வேண்டும். இவ்வளவு நடந்த பிறகு உரிமை இல்லாமலா போகும் என்று ஆணிப் பக்கம் கை நீட்டினாள்.

பட், பட், பட்.

கறாரக்கா கையை இறக்கிக்கொண்டு, சமையலறைக் கத்திரியைத் தேடப் போனாள்.