மூன்று மணித்தியாலம் எங்கேஜ்

தொண்ணூறுகளின் கடைசியில், புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த டோர்செட் பார்க் அபார்ட்மெண்டில் எனக்கிருந்தது ஒரேயொரு ரெலிபோன் லைன். ஒரு சனிக்கிழமை காலை அதில் கணினியின் மோடத்தைப் பூட்டி, லினக்ஸில் பாட்டுக் கேட்க ஒரு மென்பொருள் பக்கேஜை இன்டர்நெட்டில் இருந்து இறக்கினேன்; இறக்கி முடியும்வரை அந்த லைனில் போன் வராது. நிறுவும் கட்டளையைத் தட்டினால், வேறொரு பக்கேஜ் இல்லாமல் முடியாது என்றது. அதையும் இறக்கினேன். அது இன்னும் இரண்டைக் கேட்டது. சனியன்! விடுவேனா?

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு அன்ரி கதவை இடித்தார்.

“தம்பி, மூண்டு மணித்தியாலமா உம்மட லைன் எங்கேஜ். வவுனியாவிலை இருந்து உம்மட அம்மா இப்ப என்ர வீட்டு லைனிலை நிக்கிறா. உமக்கு என்னவோ நடந்திட்டுது எண்டு அழுறா.”

அன்ரி வீட்டுக்கு ஓடிப்போய் ரிசீவரை எடுத்தேன். கட்டாகிவிட்டிருந்தது.

திரும்பி வந்தால், திரை இன்னொரு பக்கேஜைக் கேட்டுக்கொண்டு நின்றது. அந்தப் பெட்டி கேட்டதையெல்லாம் தேடித் தேடிக் கொடுத்தேன். அம்மா கேட்டது என் குரல் ஒன்றைத்தான். அதற்குத்தான் லைன் இருக்கவில்லை.