நூற்று இருபத்தேழு டிகிரி

யோக்கியமான ஒரு மனிதரை அவருடைய கடையிலேயே வைத்துத் திருடன் என்றேன். அதோடு நிற்காமல், வெளியிலும் போய்ச் சொல்லி அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டேன்.

அவர் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒரு பாய். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கும், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியன். எனக்கு ஒரு டெஸ்க்டாப்பை அவர்தான் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தார். நன்றாகத்தான் ஓடியது. எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. உள்ளே எவ்வளவு சூடு என்று பார்க்கும் ஆசையில் லினக்ஸ் போட்டேன். சென்சார்களைத் தேடும் நிரல் கேட்ட கேள்விகளுக்கெல்லாம், ஒன்றையும் படிக்காமல், ஆமாம் ஆமாம் என்று தட்டினேன். மாணவன் அப்படிச் செய்திருந்தால் ஆய்வகத்தை விட்டே துரத்தியிருப்பேன்.

திரையில் நான்கு வரிகள் வந்தன. பிராசஸர் 41. போர்டு 36. இன்னொன்று 38. கடைசி வரியில் 127.

கொதிக்கும் நீரைவிடச் சூடான ஏதோ ஒன்று என் மேஜைக்கடியில் இருக்கிறது என்று நம்பினேன். குனிந்து பெட்டியில் கை வைத்துப் பார்க்கவில்லை. திரையை அச்சிட்டு, அந்த எண்ணுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, பஸ் ஏறினேன்.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பழைய போர்டைப் புதுசென்று தலையில் கட்டிவிட்டீர், இதற்குப் பெயர் திருட்டு என்றேன். வகுப்பெடுத்துப் பழகிய குரல், தெரு வரை கேட்டிருக்கும். பாய் தாளைப் பார்த்தார்.

“பெட்டியத் தொட்டுப் பாத்தீயளா சார்? அந்த எடத்துல சென்சாரே மாட்டல. ஆளில்லாத எடத்துல கேட்டா அது வாய்க்கு வந்ததத்தான் சொல்லும்.”

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஒருவர் எனக்கு வெப்பம் பற்றிச் சொல்வதா? தாளை அவர் மேஜையில் எறிந்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர்ப் பள்ளியொன்றின் தாளாளர் என் பழைய மாணவர். கம்ப்யூட்டர் அறைக்கான மொத்த வேலையையும் அதே பாயிடம் கொடுப்பதாக இருந்தார். நான் ஒரு வாக்கியம் சொன்னேன். வேலை மதுரைக்குப் போய்விட்டது. அந்த வேலையை நம்பி பாய் கடையை விரித்துக் கட்டத் தொடங்கியிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

சில மாதம் கழித்து, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவதென்று ஆதாரம் திரட்ட உட்கார்ந்தேன். இரவெல்லாம் அணைந்து கிடந்த பெட்டியைக் காலையில் போட்டேன். மற்ற மூன்று எண்களும் அறையின் சூட்டில் தொடங்கி மெல்ல ஏறின. கடைசி வரி முதல் நொடியிலேயே 127. மூடியைக் கழற்றித் தடவினேன். எங்கும் வெதுவெதுப்புக்கு மேல் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. எட்டு பிட்டில் ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு விட்டு எண்ணை எழுதினால், அதற்குள் அடங்கும் மிகப்பெரிய எண் 127. வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். அது சூடே இல்லை. அளக்கும் சென்சாரே இல்லாத இடத்தில், உச்சத்தில் முட்டிக்கொண்டு நின்ற எண். இந்தப் படிப்புக்குத்தான் எனக்கு இத்தனை கர்வம்.

மறுநாள் கடைக்குப் போனேன். மில்லிலிருந்து வந்த ஒரு பெட்டியின் விசிறியில் அடைத்திருந்த பஞ்சை ஊதிக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும் தப்பு என்னுடையது என்றேன். அவர் ஊதுவதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டுச் சொன்னார்:

“இங்க உள்ளவுகளுக்கு என்னையத் தெரியும் சார். அங்க சொன்னத அங்க போயில்லா மாத்தணும்.”

போனேன். பாய் மேல் தப்பில்லை என்றதும் தாளாளர் காப்பி வரவழைத்துவிட்டுச் சிரித்தார்.

“பாய் வீடு தேடி வந்து கவனிச்சிட்டாராக்கும், சார்?”

பழி சொன்னபோது ஆதாரம் கேட்காத மனிதர் அவர். என் மாணவர்தான், சந்தேகமில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்தார். இன்றும் அங்கேதான் கிடக்கும். பள்ளியிலிருந்து பாய்க்கு ஒரு மவுஸ் ஆர்டர்கூடப் போகவில்லை. அவர் விரிக்கத் தொடங்கிய பக்கத்துச் சுவர் பூசாமலே நிற்கிறது.

போன மாதம் என் பெட்டியின் விசிறி சத்தம் போட்டது. வேறு கடைக்குப் போகக் கூச்சமாக இருந்தது, அவரிடமே கொண்டுபோனேன். முன்பெல்லாம் எனக்கென்று எடுத்துப்போடும் ஸ்டூலை இப்போது அவர் போடுவதில்லை. நின்றுகொண்டிருந்தேன். விசிறியை மாற்றி ஓடவிட்டார். திரையை என் பக்கம் திருப்பவில்லை. பெட்டியைத்தான் திருப்பினார்.

“தொட்டுப் பாருங்க சார்.”

தொட்டேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “சரியா இருக்கா?” என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன்.