பெர்லிட்டாவும் அர்செனியோவும் ஒரே பக்கத்தில்

பெர்லிட்டா கும்பன் ஹாங்காங்கில் இருபது வருஷம் பார்த்த வீட்டு வேலையை விட்டுவிட்டு, பிலிப்பைன்ஸில் தன் ஊரான இலோய்லோவுக்குத் திரும்பியபோது அவளுக்கு எல்லாம் இருந்தது. அவள் அனுப்பிய பணத்தில் எழும்பிய வீடு இருந்தது. நர்ஸ் வேலைக்குத் துபாய் போயிருந்த மகள் இருந்தாள். வாசலில், சவாரி ஓட்டும் மோட்டார் டிரைசிக்கிளைத் துடைத்துக்கொண்டு புருஷன் இருந்தான். பேச்சுத் துணைதான் இல்லை.

அர்செனியோ கெட்டவன் இல்லை. குடியோ வேறு சகவாசமோ அவனிடம் கிடையாது. ஆனால் இருபது வருஷம் தனியாக இருந்து பழகிவிட்டான். தன் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று அவனைக் கேட்டுத்தான் அவள் சமைக்க வேண்டியிருந்தது. "சாப்டியா?" என்பாள். "ஆச்சு" என்பான். அதற்குமேல் அவன் டிவி பக்கம் திரும்பிக்கொள்வான், அவள் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். ஒரே விடுதியில் தங்கிய இரண்டு பேரைப் போல ஒருவருக்கொருவர் தொந்தரவு இல்லாமல் நடந்துகொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஹாங்காங் எஜமானி அம்மா போன் செய்தாள். பேரன் பிறந்திருக்கிறான், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மறுபடி வர முடியுமா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் பெர்லிட்டா. அங்கே போனாலாவது தன்னைத் தேடுகிறவர்கள் இருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அர்செனியோவிடம் சொன்னபோது அவன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றான்.

அந்த வாரம் ஒரு விடியற்காலையில் கேட்டைத் தட்டியவள் ஜோவி. சந்தையில் கருவாடு விற்பவள், பக்கத்துத் தெருக்காரி, நல்ல வாயாடி.

"அக்கா, சீக்கிரம் வாங்க. பிக்கிள்பாலுக்கு ஒரு ஆள் குறையுது."

"என்னது, பிக்கிளா? அச்சாரா ஊறுகாய் போடவா கூப்பிடுற?"

"சாப்பிடுறது இல்லக்கா, ஆடுறது. செருப்பைக் கழட்டிட்டு ஷூ போட்டுட்டு வாங்க. வழுக்கி விழுந்தா உங்க வீட்டுக்காரர் என்னை விடமாட்டார்."

"அவர் கவனிச்சாத்தானே" என்று சொல்லிக்கொண்டே பெர்லிட்டா ஷூவைத் தேடி எடுத்தாள்.

பேட்டையின் கூடைப்பந்து மைதானத்தில், தகரக் கூரைக்கு அடியில், தரையில் டேப் ஒட்டிக் கோடு போட்டிருந்தார்கள். நடுவில் இடுப்பளவு உயரத்தில் வலை. பிங்பாங் மட்டையைவிடப் பெரிதாக ஒரு மட்டையை ஜோவி அவள் கையில் கொடுத்தாள். பந்து ஓட்டை ஓட்டையாக, பிளாஸ்டிக்கில், எடையே இல்லாமல் இருந்தது.

"கை குலுக்குற மாதிரி பிடிங்க. சர்வீஸ் போடும்போது கீழேருந்து மேல தூக்கி, குறுக்கால எதிர்க் கட்டத்துக்கு அனுப்புங்க. பந்து முதல்ல அந்தப் பக்கம் ஒரு தடவை தரையில குதிக்கணும், திரும்பி வர்றப்ப நம்ம பக்கமும் ஒரு தடவை குதிக்கணும். அதுக்கப்புறம் நேரா அடிக்கலாம். ஓங்கி அடிக்காதீங்க, சும்மா தள்ளிவிட்டாப் போதும்."

முதல் பந்து கூரையில் பட்டது. அடுத்தது கூட ஆடிய தையல்காரர் டைஜோவின் தொப்பையில் பட்டது. அவர் அதைப் பெரிய கௌரவமாக எடுத்துக்கொண்டு சிரித்தார். பெர்லிட்டா வலைக்குப் பக்கத்தில் போய் நின்று, வந்த பந்தைத் தரையில் விழும் முன்னே அடித்தபோது எல்லாரும் கத்தினார்கள்.

"அங்க நின்னு அப்படி அடிக்கக் கூடாதுக்கா" என்றாள் ஜோவி. "அந்த இடத்துக்குப் பேரு கிச்சன்."

"இருபது வருஷமா கிச்சன்லயே நின்னேன். இங்கயாவது வெளிய நிக்கச் சொல்றீங்களே, நல்லா இருங்க" என்றாள் பெர்லிட்டா. தையல்காரர் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டார்.

மறுநாள் கேட்டைத் தட்ட ஆள் தேவைப்படவில்லை. கடைக்குப் போனால் அவளை யாரென்று தெரியாமல் பார்த்தவர்கள், இப்போது பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சொந்தமாக மட்டை வாங்கும்வரை ஜோவியின் பழைய மட்டையிலேயே ஆடினாள். கை வலித்தது. ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

ஒருநாள் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போனாள். அர்செனியோ அதை எடுத்துக்கொண்டு வந்தான். அன்றைக்குத் தையல்காரர் வரவில்லை. ஜோவி அவன் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு, மட்டையைத் திணித்து, பெர்லிட்டாவுக்கு ஜோடியாக நிறுத்தினாள்.

"எனக்கெதுக்கும்மா இதெல்லாம்?" என்றான்.

"சும்மா நில்லுங்கண்ணே. பந்து வந்தா அடிங்க, வராட்டி மூச்சு விடுங்க."

அவன் அடித்த முதல் பந்து வலையை உரசிக்கொண்டு எதிராளியின் காலடியில் செத்து விழுந்தது. பெர்லிட்டா திரும்பிப் பார்த்தாள். "எங்க கத்துக்கிட்ட?"

"பள்ளிக்கூடத்துல பிங்பாங் ஆடுவேன். ஜில்லா வரைக்கும் போயிருக்கேன்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதே இல்லையே."

அடுத்த பந்து இருவருக்கும் நடுவில் வந்தது. அவள் அவனுக்கென்று விட்டாள், அவன் அவளுக்கென்று விட்டான். பந்து இருவர் நடுவிலும் விழுந்து உருண்டது. மறுபடியும் அதே மாதிரி. மூன்றாவது தடவை ஜோவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஊமையா? 'என்னுது', 'உன்னுது'ன்னு வாயைத் திறந்து கத்துங்க. இங்க மரியாதை பாத்தா பாயிண்ட்டு போயிடும்."

அர்செனியோ தொண்டையைச் செருமினான். பந்து வந்தது. "பெர்லி, உன்னுது" என்று கத்தினான்.

போனில் இத்தனை வருஷமும் "ஹலோ, பணம் வந்துடுச்சு" என்று தொடங்கிய குரல்தான் அது. கல்யாணமான புதிதில் அவளைப் பெர்லி என்று கூப்பிடுவான். அவள் பந்தை அடிக்க மறந்து நின்றுவிட்டாள்.

"அடிச்சிருக்கலாம்" என்றான் அவன்.

"இன்னொரு தடவை கூப்பிடு, அடிக்கிறேன்."

திரும்பி வரும் வழியில் பாண்டெசால் வாங்கிக்கொண்டார்கள். சூடான ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அவன் ஜில்லாப் போட்டியில் தோற்ற கதையைச் சொன்னான். வீடு வந்தும் கதை முடியவில்லை. டிவி அன்று போடப்படவில்லை. அவள் ஹாங்காங்கில் முதல் வருஷம் கழிவறையில் உட்கார்ந்து அழுததை, யாரிடமும் சொல்லாததை, அவனிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "நானும் இங்க சரியாச் சாப்பிடல. உன்கிட்ட சொன்னா வேலையை விட்டுட்டு வந்துடுவியோன்னு சொல்லல" என்றான்.

திருவிழாப் போட்டியில் இருவரும் ஜோடியாக ஆடினார்கள். அதற்குள் ஊரில் பிக்கிள்பால் பித்து ஏறியிருந்தது. பழைய அரிசிக் கிடங்கைக்கூடக் கழுவிவிட்டுக் கோடு போட்டு வாடகைக்கு விட்டார்கள், இடத்துக்கு வரிசையில் நின்றார்கள். எதிரணியில், வங்கியில் வேலை செய்யும் ஒரு இளம் ஜோடி. கும்பன் தம்பதி முதல் சுற்றிலேயே தோற்றார்கள். ஆனால் கடைசிப் பாயிண்ட் வரைக்கும் ஓயாமல் கத்தினார்கள். வெளியே வந்து பாட்சோய் நூடுல்ஸ் சூப் குடிக்கும்போது பெர்லிட்டா ஹாங்காங்குக்குப் போன் போட்டு, வரவில்லை என்றாள். எஜமானி அம்மா கோபித்துக்கொள்ளவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டாள். "இங்க என்னைத் தேடுறாங்கம்மா" என்றாள்.

மறுநாள் சந்தைக்குப் போய் ஜோவியின் கடை முன்னால் நின்றாள். நன்றி சொல்ல வந்திருந்தாள். கண்தான் நிறைந்தது.

"கருவாட்டு நெடியா அக்கா?" என்றாள் ஜோவி.

"நீ அன்னிக்கு வந்து தட்டலன்னா நான் இந்நேரம் விமானத்துல இருப்பேன்டி."

ஜோவி கொஞ்சம் திகைத்தாள். பிறகு ஒரு நல்ல கருவாடாகப் பார்த்து எடுத்துத் தாளில் சுற்றி நீட்டினாள். "இதை வறுத்துக் குடுங்க, அண்ணனுக்குப் பிடிக்கும். எங்க வாங்குனதுன்னு கேட்டாச் சொல்லுங்க, காசு வாங்கலன்னும் சொல்லுங்க."

பெர்லிட்டா பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சந்தை வாசலில் அர்செனியோ டிரைசிக்கிளில் காத்திருந்தான். பயணிகள் உட்காரும் பெட்டியில் ஏறாமல், அவன் இருக்கையிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டாள்.