புகைவீட்டில் தொங்கிய சிவப்புக் குழாய்

பத்து நாள் ஆயிற்று. பதற்றம் இன்னும் அடங்கவில்லை!

எங்கள் பெக்கோக் எஸ்டேட்டில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் வீட்டுக்குள் அன்று போனேன். கணக்கெழுதும் கிராணி வேலையில் இதுவும் சேர்த்தி. வரிசையாகத் தொங்கும் ஷீட்டுகளுக்கு நடுவே என்ன தொங்கியது தெரியுமா? மெல்லிய சிவப்பு ரப்பர் குழாய் ஒன்று. எவன் செய்த வேடிக்கை இது? பிடுங்கி எறியப் போனேன்.

“ஐயா, எறிஞ்சிடாதீங்க! அது என் உசுரு!”

ஓடி வந்தவர் எங்கள் பெரிய கங்காணி. அறுபது வயது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் அவர் ஓர் அதட்டல் போட்டால் தொழிலாளர் லயமே நடுங்கும். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர்...

விஷயத்தைக் கேளுங்கள். இரண்டு மாதமாக அவருக்குச் சிறுநீர் தானாகப் பிரிவதில்லையாம். சிகாமட் டவுனில் ஒரு டாக்டர் இந்தக் குழாயைக் கொடுத்து, அதை உள்ளே செலுத்தி நீரை இறக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். தன் கையாலேயே... தினம் நாலு தடவை! அவர் பழகிவிட்டார்.

“சரி கங்காணியாரே, இங்க ஏன் தொங்குது?”

“ஒவ்வொரு தடவையும் தண்ணியில கொதிக்க வைக்கச் சொன்னாங்க ஐயா. அடுப்புல வெச்சா வீட்டுக்காரி என்னன்னு கேப்பா. எப்படிச் சொல்றது? ஷீட்டுக்குப் பூஞ்சணம் பிடிக்காம புகை போடுறோம்ல... இதுவும் ரப்பர்தானே?”

குழாயைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். அவர் கையைத் தொட்டால் — நெருப்பு! மூன்று நாளாகக் காய்ச்சலாம்.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் குழாயை லேசாகத்தான் வளைத்தார். புகைச் சூட்டில் காய்ந்திருந்த ரப்பர் வெடித்துப் பிளந்தது.

“அலமாக்! இது உள்ள உடைஞ்சிருந்தா என்ன ஆவுறது கங்காணி?”

ரயில் நேரம் விசாரிக்க ஓடினேன்.

அன்றைக்கே சிகாமட்டுக்கு ரயில் ஏற்றினோம். மருந்து, புதுக் குழாய், டாக்டரிடம் வயிறு நிறையத் திட்டு... ஆள் பிழைத்துக்கொண்டார், நல்ல வேளை.

அவர் மனைவியிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மென்று முழுங்கி, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் அழவில்லை. பரணிலிருந்து ஒரு புதுச் சட்டியை இறக்கி அடுப்பருகே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“நாலு புள்ள பெத்திருக்கேன் இவருக்கு. எங்கிட்ட என்னய்யா வெக்கம்?”

பதில் தெரிந்த ஆண் யாராவது இருந்தால், எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.