வாசனை தெரியாத பதினான்கு நாட்கள்

ஊரடங்கு எப்போது முடியும் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், அது முடியவே கூடாது என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. கிரிவல மலைக்குப் பக்கத்தில் வேங்கிக்காலில், புதிதாக மனை பிரித்த தெரு ஒன்றில், ஒரு ஹாலும் ஓர் அறையும் கொண்ட வாடகை வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா சென்னையில் ஏசி மெக்கானிக். வேலை ஜாஸ்தி, அதனால் அவரால் வர முடியவில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. இரண்டு தீபாவளிக்கு வராததற்கும் அதுவேதான் காரணம். தீபாவளியன்று யார் ஏசி ரிப்பேர் செய்கிறார்கள் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு விவரம் போதாது.

அந்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அப்பா வந்தார். விட்டுப்போன துணிமணிகளையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை அம்மாவோடு ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறுவதுதான் திட்டம் என்பது பிற்பாடு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஊரடங்கு. திங்கட்கிழமை வக்கீல் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை மாலையோடு பஸ்ஸும் நின்றுபோனது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் கிராமத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு அப்பா போன் போட்டார். வெளியூர் ஆள் யாரும் வரக் கூடாதென்று ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டிருப்பதாகப் பெரியப்பா சொன்னார். அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா பரண்மேலிருந்து ஒரு பாயையும் தலையணையையும் இறக்கி ஹாலில் போட்டாள்.

அம்மாவுக்கு அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலை. நாடு முழுக்க வீட்டுக்குள் இருந்தபோது அவளுக்கு மட்டும் ஞாயிறு தவிர எல்லா நாளும் வேலை இருந்தது. எந்த ஊரிலிருந்து யார் திரும்பி வந்தார்கள் என்று பட்டியல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, வீட்டை அப்பா பார்த்துக்கொள்ளும்படி ஆயிற்று. இதற்கு முன் அவர் அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. முதல் வாரம் மூன்று வேளையும் உப்புமா. இரண்டாவது வாரம் செல்போனில் வீடியோ பார்த்துச் சப்பாத்தி போட்டார். ஒவ்வொன்றும் ஒரு மாவட்டத்தின் வடிவத்தில் வந்தது. எது எந்த மாவட்டம் என்று நான் கண்டுபிடித்துச் சொன்னால்தான் தட்டில் விழும். என் தலையைப் பின்னிவிடக் கற்றுக்கொண்டார். ஒரு ஜடை மேலேயும் ஒரு ஜடை கீழேயும் நின்றது. பார்க்கத்தான் வெளியில் யாரும் இல்லையே.

சாயங்காலம் அம்மா வரும் நேரத்துக்கு வெந்நீர் போட்டு, பின்பக்கக் குளியலறையில் கொண்டுபோய் வைத்துவிடுவார். அவள் செருப்பை வாசலிலேயே விட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் குளித்து, உடுத்தியிருந்த புடவையை டெட்டால் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் உள்ளே வருவாள். ஆரம்பத்தில் இருவரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். எதிரில் இருக்கும்போதே, "தண்ணி ரொம்ப சூடா இருந்துச்சுன்னு சொல்லு" என்பாள் அம்மா. நான் சொல்வேன். "நாளைக்கு கம்மியா காய வைக்கறேன்னு சொல்லு" என்பார் அப்பா. அதையும் சொல்வேன். இது ஏதோ பெரியவர்களின் விளையாட்டு என்று நினைத்து, இரண்டு பேருக்கும் குரல் மாற்றிச் சொல்லிக் காட்டுவேன். ஒருநாள் அம்மா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு நேராகவே பேச ஆரம்பித்தார்கள்.

சித்ரா பௌர்ணமி வந்தது. மற்ற வருடங்களில் எங்கள் தெருமுனை வரைக்கும் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த வருடம் கிரிவலப் பாதையில் ஈ காக்கைகூட இல்லை. நாய் குரைத்தால் எந்தத் தெரு நாய் என்று சொல்லிவிடலாம், அவ்வளவு அமைதி. சாயங்காலம் அப்பா, "மலையைத்தான் சுத்த விடல, மாடியை சுத்தலாமில்ல" என்றார். நிலா ஏறும் நேரத்தில் மூன்று பேரும் மொட்டைமாடியைப் பதினான்கு சுற்று சுற்றினோம். பாதை பதினான்கு கிலோமீட்டர், அதனால் பதினான்கு சுற்று. கடைசிச் சுற்றுகளில் அம்மாவுக்குக் கால் வலித்தது. அப்பா கையை நீட்டினார். அவள் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். டிவியில் ஊரடங்கு நீட்டிப்பு என்று வரும்போதெல்லாம் ஓடிப்போய் மாடியிலிருந்து மலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவேன்.

ஜூனில் அப்பாவின் முதலாளி போன் செய்தார். ஆஸ்பத்திரிகளில் ஏசி வேலை அவசரமாம். பாஸ் கிடைத்துவிட்டதாம். திங்கட்கிழமை காலை வேன் வரும். அப்பா பையைத் துவைத்துக் காயப்போட்டார். அம்மா பொடி அரைத்து டப்பாவில் அடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி இருக்கும். முகத்தை முழுக்க மூடிக்கொண்டு இரண்டு பெண்கள் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தார்கள். நான் கேட்டருகில் நின்றிருந்தேன்.

"பாப்பா, வீட்ல யாருக்காவது ஜுரம், இருமல், வாசனை தெரியாம இருக்கறது, ஏதாவது இருக்குதா?"

நான் யோசித்தெல்லாம் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. "எங்கப்பாவுக்கு வாசனையே தெரியல."

இரண்டு பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். அப்பாவைக் கூப்பிடச் சொன்னார்கள். கையில் சப்பாத்தி மாவோடு அவர் வந்து நின்றார்.

"என்னங்க, வாசனை தெரியலையாமே? எத்தனை நாளா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இதோ, இப்போது திட்டு விழும், அடிகூட விழும் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு நாளாங்க" என்றார் அப்பா.

"ரெண்டு நாளாவா? ஏங்க வெளிய சொல்லல?"

அதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். "ஆமாங்க, காபி வாசனைகூட தெரியலன்னாரு. சளியா இருக்கும்னு நான்தான் விட்டுட்டேன்" என்றாள்.

அப்பா சொன்னபோது என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அம்மாவும் சொன்னதும் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அம்மா பொய் சொல்ல மாட்டாள். அப்படியென்றால் அப்பாவுக்கு நிஜமாகவே நோய் வந்துவிட்டது. என் வாயால் சொன்னேன், வந்துவிட்டது.

மதியம் வண்டியில் வந்தவர்கள் அப்பாவின் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு எப்படி வந்தாலும் மூன்று பேரும் பதினான்கு நாள் வெளியே வரக் கூடாது என்று கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். அம்மாவும் வேலைக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அத்தை கேட்டில் ஒரு பை கட்டி, காலையில் பால் பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போவார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. பதினான்கு நாள், மூன்று பேரும் ஒரே கூரைக்கு அடியில். அந்த நாட்களில் அவர்கள் கேரம் ஆடினார்கள். அம்மா வெங்காயம் உரிக்க, அப்பா நறுக்கினார். ஹாலில் போட்டிருந்த பாயில் இரண்டு பேரும் உட்கார்ந்து பழைய கல்யாண ஆல்பத்தைப் பார்த்து, யாரோ ஒரு மாமாவின் மீசையைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். நானோ ஒரு மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் இன்னும் எதை வரவழைத்துவிடுவேனோ என்று பயம். கற்பூரத்தை எடுத்துப்போய் அப்பாவின் மூக்கருகே வைத்து, "தெரியுதாப்பா?" என்று கேட்பேன். அவர் ஒரு கணம் அம்மா பக்கம் பார்த்துவிட்டு, "இல்லடா" என்பார். நான் குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வருவேன். ஐந்தாம் நாள் நோய் இல்லை என்று முடிவு வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாசனை இன்னும் வரவில்லையே.

பத்தாம் நாள் சமையலறையில் குரல்கள் உயர்ந்தன. "வேலையை விட்டுட்டு அங்க வந்து நான் என்ன பண்றது?" என்றாள் அம்மா. "இங்க ஏசி வேலை எங்க இருக்குது, சொல்லு" என்றார் அப்பா. இரண்டு பேரும் சொன்னது நியாயம் என்று எனக்குத் தோன்றியது. நியாயமாக இருந்தால் சண்டை தீர்ந்துவிடும் என்றும் தோன்றியது. மறுநாளிலிருந்து, "சாப்பிட வரச் சொல்லு" என்று அம்மா என்னிடம் சொன்னாள். நான் குரல் மாற்றாமல் போய்ச் சொன்னேன்.

பதினைந்தாம் நாள் காலை வேன் வந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் வருகிறேன் என்று அப்பா சொன்னார். பள்ளிக்கூடம் திறந்தது. கோர்ட்டும் திறந்தது. கையெழுத்துப் போட மட்டும் வந்துபோனார்.

போன வருடம், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய்ம்மா."

"தெரியும்" என்றாள் அவள். "அன்னிக்குக் காலையிலதான், பால் அடிபிடிக்குது பாருன்னு ஹால்ல இருந்து கத்துனாரு."

"அப்புறம் நீ ஏன் அப்படி சொன்ன?"

மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "அவரு உன்னைத் திட்டக் கூடாதுன்னுதான் அப்படி சொன்னாரு. நான்தான் வேற மாதிரி நெனச்சுக்கினு, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு..." பாதியில் எழுந்து பீரோவைத் திறந்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போல் போனில் பேசினார். அவரிடமும் கேட்டேன்.

"எனக்கும் கிளம்ப மனசு இல்ல பாப்பா."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படி சொல்றது? உங்கம்மா உன்னை விட்டுக்கொடுக்காம பேசினாங்க. அவ்வளவுதான். என்னை இருக்க சொன்னாங்கன்னா நெனச்சுக்க முடியும்?" என்றார். பின்னால் ஒரு குழந்தை அவரை அப்பா என்று கூப்பிட்டது. "வரேன்டா" என்று அதனிடம் சொல்லிவிட்டு, "இப்ப எதுக்கு இதைக் கேக்கற?" என்றார்.

"சும்மாதான்பா" என்றேன்.

அவர் சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா சொன்னதை அவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பதினான்கு நாளும் நான் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் பார்த்தேன். சாப்பிடும்போது பார்த்தேன். கேரம் ஆடி அவர்கள் சிரிக்கும்போதும் விடாமல் பார்த்தேன். இரண்டு முகங்களிலும் நான் தேடியது ஜுரத்தை மட்டும்தான்.